திமிங்கலத்தின் சாப்பாடு, நாயின் மூக்கு

கடலுக்குள் திரியும் ஓர்கா திமிங்கலம் இன்று என்ன சாப்பிட்டது? அதைத் தொடாமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள், நேயர்களே! அமெரிக்காவின் வாஷிங்டன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரங்களில் ஓர்காக்கள் மீனைக் கடித்துப் பங்கிடும்போது செதில்கள் நீரில் சிதறும். படகில் பின்தொடரும் ஆய்வாளர்கள் அவற்றைச் சிறுவலையால் அள்ளிக்கொள்வார்கள். மரத்தைப் போலவே செதிலிலும் வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணினால் மீனின் வயது தெரியும்.

இன்னொரு தடயம், திமிங்கலத்தின் கழிவு. அது சீக்கிரம் மூழ்கிவிடும் என்பதால் படகின் முனையில் மோப்ப நாயை நிறுத்துகிறார்கள். டக்கர் என்ற கறுப்பு நாய் இதில் பேர்பெற்றிருந்தது. காற்றில் வாசம் பிடித்ததும் நாய் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் படகு திரும்பும். கழிவிலுள்ள மரபணு உணவைச் சொல்லும். ஹார்மோன்கள் பட்டினியையும் கர்ப்பத்தையும்கூடச் சொல்லிவிடும். என்ன அருமையான வேலை!

அங்குள்ள மீன் தின்னும் ஓர்காக்களுக்குக் கோடையில் முக்கிய இரை சினூக் சால்மன். அதே கடலில் வாழும் இன்னொரு வகை ஓர்காவோ மீனை விட்டுவிட்டு சீல்களை வேட்டையாடுகிறது. சினூக் அருகிவரும் இந்த நாளில், அதை நம்பிய மீன் தின்னும் ஓர்காக்களின் தெற்குக் கூட்டத்தில் மிஞ்சியிருப்பவை 80-க்கும் குறைவு.