எல்லையறியா நிலத்தடி நீர்

கெங்கவல்லி வட்டாரத்தில் ஒருவர் நிலம் எங்கே முடிகிறது என்பதைப் பட்டாவும் சர்வே கல்லும் சொல்லிவிடும். அந்நிலத்தின் கீழுள்ள நீர் யாருடையது? வரையறுத்த வழியில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நிலவுடையாருக்கே அளித்தது. ஆனால் பாறை சட்டம் படித்ததன்று. சுவேதா நதிக்கரை முதல் பச்சைமலை அடிவாரம் வரை நம்முடையது கடினப் பாறை பூமி. மழைநீர் பாறை வெடிப்புகளில்தான் தங்குகிறது. ஒரே வெடிப்பு இரு பட்டாக்களின் கீழே செல்லுமாயின், ஆழ்துளைக் கிணறு இறக்கியவர் அயலாரின் நீரையும் சேர்த்தே இறைக்கிறார். மரவள்ளிக்கு நீர் பாய்ச்சுவோருக்கும், நூலுக்குச் சாயமேற்றும் நெசவாளருக்கும் இது பொதுக்கவலையாகும்.

இவ்வழக்கு நாடுகளுக்கு இடையிலும் உண்டு. பஞ்சாபின் அடியிலுள்ள நீர்ப்படுகை இந்திய, பாகிஸ்தான் எல்லையின் இருபுறமும் பரந்துள்ளது. 1960ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தம் ஆறுகளைப் பங்கிட்டதேயன்றி, நிலத்தடி நீருக்கு ஏற்பாடு செய்யவில்லை. அவ்வொப்பந்தத்தையும் இந்தியா 2025 ஏப்ரலில் நிறுத்தி வைத்தது. 2002 முதல் 2008 வரையிலான ஆறு ஆண்டுகளில் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதிகள் சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என்று செயற்கைக்கோள் ஆய்வு கணக்கிட்டது. நமது மேட்டூர் அணை நிரம்பினால் கொள்ளும் நீரைப்போல் இது 40 மடங்குக்கும் அதிகம்!

இருவர் இறைத்தால் கிணறு வற்றியே தீரும் என்பதில்லை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரமும், அதனை அடுத்த பிரெஞ்சுப் பகுதியும் ஒரே நிலத்தடிப் படுகையை நம்பியுள்ளன. 1960க்குப் பின் இருபது ஆண்டுகளில் அதன் நீர்மட்டம் 20 அடிக்கு மேல் இறங்கிற்று. 1978இல் ஓர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. தரப்புக்கு மூவராக அறுவர் கொண்ட குழு அமைந்தது. இறைக்கும் நீரை அளக்கக் கருவி வைக்கவேண்டும் என்றும் விதித்தனர். 1980 முதல் ஆர்வ் ஆற்று நீரைச் சுத்திகரித்துப் பூமிக்குள் செலுத்தலாயினர். பிரெஞ்சுத் தரப்புக்கு ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர்; அதில் 20 லட்சத்துக்குக் கட்டணமில்லை, மிஞ்சி எடுத்தால் நீர் செலுத்தும் செலவில் பங்கு தரவேண்டும். எடுத்தவர் கொடுப்பது என்ற இந்த ஏற்பாடு, பங்குத்தொகையும் கணக்கேடும் பழகிய நம் அங்கத்தினருக்குப் புதிதாகத் தோன்றாது. முப்பதாண்டு முடிந்து 2008இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது, பிரெஞ்சுத் தரப்பில் எல்லையோர ஊர்களின் கூட்டமைப்புகளே கையொப்பமிட்டன.

ஜெனீவாவின் செல்வம் நமக்கேது என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. ஆனால் ஆந்திரத்தின் வறண்ட மாவட்டங்களில், சாதாரண விவசாயிகளே கிணற்று நீர்மட்டத்தை இரு வாரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினர். ராபி விதைப்புக்கு முன் கிராமத்தின் நீர்வரவையும் செலவையும் கணக்கிட்டுப் பொதுவில் வைத்தனர். எவரையும் கட்டாயப்படுத்தவில்லை, கணக்கைக் கண்டபின் நெல்லைக் குறைத்தோர் உண்டு.

நமது சங்கங்கள் இதனைத் தொடங்க அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வைகாசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தையில் ஒருமுறை, ஒவ்வோர் அங்கத்தினரின் கிணற்றிலும் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதைப் பதிந்து, அக்கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவோடு சேர்த்துப் படிக்கலாம். கிணறு இல்லாத நெசவாளரும் அக்கூட்டத்தில் கேள்வி கேட்க உரியவரே.