அரிசியில் ஒன்று, நெல்லில் ஒன்று

கத்திவாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடல் ஈரக்காற்றில் அந்துக்குப் பஞ்சமில்லை. வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் ஒரே அந்துதான். எனக்கு இரண்டு.

கோழித்தீனி நெல்லில் பறப்பது வைக்கோல் நிறம். இறகோரம் முழுக்க மயிர். புழு ஒரே மணிக்குள் புகுந்து, தின்று, கூட்டுப்புழுவாகி, வட்டத் துளை வழியே பூச்சியாகப் பறக்கும். பிரான்சின் அங்கூமுவா பகுதியை அது நாசமாக்கியதைப் பற்றி 1762-இல் இரண்டு பேர் தனி நூலே எழுதினார்கள்.

அரிசி அந்து சாம்பல் பழுப்பு. அதன் புழு வெளியே இருந்தபடி நூல் விட்டு மணிகளைக் கட்டிகட்டியாக ஒட்டும், ரவையையும் விடாது. எரிச்சலூட்டும் ஜந்து. ஆனால் ஆய்வகங்களில் கம்பு நொய் போட்டு இதையே வளர்க்கிறார்கள்! இதன் முட்டைகளில் டிரைக்கோகிரம்மா குளவியைப் பெருக்கிக் கரும்புத் துளைப்பானுக்கு எதிராக வயலில் விடுகிறார்கள்.

நூல் கட்டிய அரிசியைச் சலித்து, உலர்த்தி, இறுக மூடி வையுங்கள். துளை விழுந்த நெல்லைக் கோழிக்கே போட்டுவிடுங்கள்.