மருத்துவமனை அட்டையில் மை எவ்வாறு நிற்கிறது, ஏன் அழிகிறது?

சில மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமைக் காலை. புறநோயாளர் பதிவு முகப்பில் வழக்கம்போல் நெரிசல். எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரை அவருடைய மகன் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார். காலில் சீழ்பிடித்த புண். உடன் காய்ச்சலும் இருந்தது. மகன் நீட்டிய அட்டையில் புகைப்படம் நீலப் புகைபோல் கலங்கியிருந்தது. பார்கோட்டின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தீற்றல் மட்டுமே எஞ்சியிருந்தது. "தினமும் சானிடைசர் போட்டுச் சுத்தமாகத் துடைத்து வைக்கிறேன் சார்" என்றார் அவர், சற்றுப் பெருமையோடு.

எண் கிடைக்காததால் பெயரைக் கொண்டு தேடினோம். அம்மையாரின் பெயர் நம் ஊரில் தெருவுக்கு இருவர் வைத்திருக்கும் பெயர். தலைப்பெழுத்தும் பொருந்தி, வயதும் ஏறத்தாழ ஒத்திருந்த ஒரு கோப்பு திரையில் வந்தது. அவசரத்தில் அதுவே திறக்கப்பட்டது. அந்தக் கோப்பில் ஒவ்வாமை என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அம்மையாரின் உண்மையான கோப்பிலோ, பெனிசிலின் ஒவ்வாமை உண்டு என்று சிவப்பில் பதிவாகியிருந்தது. ஊசி போடும் முன் செவிலியர் வழக்கப்படி பெயரையும் பிறந்த தேதியையும் கணவர் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டார். பிறந்த தேதியும் கணவர் பெயரும் பொருந்தவில்லை, ஊசி நிறுத்தப்பட்டது. தீங்கு எதுவும் நேரவில்லை. எனினும், அந்த மகன் செய்தது அலட்சியம் அன்று, அக்கறை. அட்டை எதனால் ஆனது, அதன்மேல் மை எவ்வாறு நிற்கிறது என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை என்பதே உண்மை. அதனை இங்கே சொல்ல முயல்கிறேன்.

வங்கி அட்டையின் அளவே உங்கள் மருத்துவமனை அட்டையின் அளவும். நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் ஏறத்தாழ 54 மில்லிமீட்டர், தடிமன் 0.76 மில்லிமீட்டர். இது உலகெங்கும் ஏற்கப்பட்ட தர அளவு. பொருள், பிவிசி எனப்படும் பிளாஸ்டிக். பார்வைக்கு வங்கி அட்டை போலவே இருந்தாலும், அச்சான முறை வேறு. அந்த வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பிளாஸ்டிக் அட்டைகளுக்கென்றே உள்ள சிறப்பு அச்சுப்பொறிகள் வண்ண நாடாவைச் சூடாக்கி, நிறத்தைப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊடுருவச் செய்பவை. எழுத்துகளும் பார்கோடும் தனியான கரிய பிசின் அடுக்கால் பதிகின்றன. இறுதியில் மேலே ஒளிபுகும் மெல்லிய காப்புப் படலம் ஒன்றும் ஒட்டப்படுகிறது. இயந்திரமும் நாடாவும் விலை மிகுந்தவை. ஆகவே சிறிய, நடுத்தர மருத்துவமனைகளும் பள்ளிகளும் கடைவீதி அச்சகங்களும் நாடுவது இங்க்ஜெட் அச்சுப்பொறியை. எங்கள் பதிவுப் பிரிவில் உள்ளதும் அதுவே.

இங்க்ஜெட் என்பது மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் முறை. ஒரு துளியின் அளவு சில பிக்கோலிட்டர். ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த மை பெரும்பாலும் நீரால் ஆனது. காகிதத்தில் விழுந்தால் நார்கள் அதனை உறிஞ்சிக்கொள்கின்றன. பிளாஸ்டிக்குக்கு நார் இல்லை, உறிஞ்சும் தன்மையும் இல்லை. தாமரை இலையில் தண்ணீர் என்று நம் முன்னோர் சொன்ன நிலைதான்: சாதாரணப் பிவிசி அட்டையில் இங்க்ஜெட் மையைத் தெளித்தால் அது திரண்டு நிற்கும், விரல் பட்டதும் வழிந்துவிடும்.

எனவே இங்க்ஜெட்டுக்கென விற்கப்படும் அட்டைகளின் இரு பக்கங்களிலும் மையை உறிஞ்சும் மெல்லிய பூச்சு ஒன்று பூசப்பட்டிருக்கும். உங்கள் புகைப்படமும் பெயரும் எண்ணும் பிளாஸ்டிக்கில் இல்லை. அந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. நீரை ஏற்கவே உருவாக்கப்பட்ட பூச்சு அது. அச்சுக்குப் பின்னரும் ஈரத்தின் மீதான அதன் நாட்டம் முற்றிலும் போய்விடுவதில்லை. கைகளில் தடவும் சானிடைசரின் பெரும்பகுதி ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவைகளில் எத்தனால் 80 விழுக்காடு, அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 75 விழுக்காடு. ஆல்கஹாலும் நீரும் சேர்ந்து பூச்சை இளக்கி, அதில் தங்கிய சாயத்தையும் கரைத்து இழுத்துவிடுகின்றன. கிருமியைக் கொல்லத் துடைத்த துணியிலேயே நோயாளியின் எண்ணும் போய்விடுகிறது.

சாதாரண அச்சுப்பொறியில் இந்த அட்டையைச் செருகிப் பார்த்துத் தோற்றவர்கள் பலர். பல அச்சுப்பொறிகள் காகிதத்தை உருளையின்மீது வளைத்துத் திருப்பி வெளியே அனுப்புகின்றன. முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டை அவ்வாறு வளையாது. வளையாமல் நேராகச் செல்லும் பாதையும், அட்டையைப் பிடித்து உள்ளே கொண்டுசெல்லும் தட்டும் வேண்டும். குறுந்தகட்டின்மீது அச்சிடுவதற்காக அமைந்த தட்டுள்ள எப்சன் எல்805 போன்ற புகைப்பட அச்சுப்பொறிகள் இவ்வேலைக்குப் பயன்படத் தொடங்கியது அதனால்தான். அந்தத் தட்டில் வழக்கமாக இரண்டு அட்டைகளை ஒரே நேரத்தில் வைக்கலாம்.

இரண்டு அட்டைகள் என்று சொன்னேன் அல்லவா, என்னை மிகவும் கவலைப்படுத்துவது அதுதான். ஒரு பக்கம் அச்சானதும் அட்டைகளைக் கையால் எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். அப்போது இடம் மாறினால், முன்பக்கத்தில் ஒருவருடைய படமும் பெயரும், பின்பக்கத்தில் மற்றொருவருடைய ஒவ்வாமைக் குறிப்பும் அவசரத் தொடர்பு எண்ணும் அமைந்துவிடும். மை அழிந்த அட்டையைப் பார்த்தவுடன் சந்தேகம் எழும். இந்த அட்டையோ பளிச்சென்று, குறையேதும் இல்லாததுபோல் இருக்கும். இதைத் தவிர்க்க நாங்கள் இப்போது இரு பக்கங்களிலும் பதிவு எண்ணை அச்சிடுகிறோம். முகப்பில் அட்டையைப் பெற்றுக்கொள்ளும்போது இரண்டு எண்களும் ஒன்றே என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

அத்துடன் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அட்டையில் மை இம்மியளவு பரவினாலும் சிறிய எழுத்தில் புள்ளியின் வட்டம் அடைபட்டுவிடும். 'ண', 'ன' வேறுபாடு மங்கும். எண்களில் 3, 8 என்பவை ஒன்றுபோல் தோன்றும். ஆங்கில எழுத்தில் பெயரைப் பதிவதில் வேறொரு தொல்லை உண்டு. லட்சுமி என்ற ஒரே பெயரை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஆதாரிலும் காப்பீட்டு அட்டையிலும் உள்ள எழுத்துகளே இங்கும் அமைவது, பின்னாளில் தேடுபவர்க்குப் பேருதவி.

பார்கோடு பற்றிச் சிறிது. கோடுகளின் அகலத்திலும் இடைவெளியிலும்தான் எண் ஒளிந்திருக்கிறது. உயரத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே மேற்பாதி அழிந்தாலும் கீழ்ப்பாதியைக் கொண்டு கருவி படித்துவிடும். ஆனால் கோடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாக ஒரு கீறல் விழுந்தால், அல்லது இரண்டு ஓரங்களிலும் உள்ள வெற்றிடம் மறைந்தால், படிக்க இயலாது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள பார்கோடு வகைகளில் சரிபார்ப்புக் குறி ஒன்றும் சேர்ந்தே இருக்கும். சிதைந்த பார்கோட்டைக் கருவி பெரும்பாலும் தவறாகப் படிப்பதில்லை, படிக்க மறுத்துவிடும். க்யூஆர் குறியீடு இன்னும் பொறுமையானது. அது அமைக்கப்பட்ட நிலைக்கு ஏற்ப 7 முதல் 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் மீட்டுப் படிக்க இயலும். சிக்கல், கருவி மறுத்த பின்னர் மனிதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊகிக்கத் தொடங்கும்போதுதான். உங்கள் அட்டையின் எண்ணை யாரேனும் ஊகித்துத் தட்டச்சு செய்வதைக் கண்டால், தயங்காமல் தடுத்துப் பழைய மருந்துச்சீட்டையோ பரிசோதனை அறிக்கையையோ எடுத்துக் கொடுங்கள். அதே எண் அவற்றிலும் இருக்கும்.

அட்டையைப் பேணுவது எளிது. புதிய அட்டையை அன்று முழுவதும் காற்றாட வைத்துப் பிறகு உறையில் இடுங்கள். மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் மையைத் தம்மீது ஒட்டவைத்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் உறை மேலானது, கடையில் கேட்டால் தருவார்கள். துடைக்க வேண்டுமானால் உறையை மட்டும் துடையுங்கள். சட்டைப்பையில் வைத்த அட்டை வியர்வையில் ஊறுவது நம் கோடையில் தவிர்க்க முடியாதது. உறை அதற்கும் காவல். பிவிசி ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும்; எனவே அடுப்பருகிலும் இஸ்திரிப் பெட்டிக்கு அருகிலும் வேண்டாம். சூடாக்கி லேமினேட் செய்வதும் அட்டையைக் கோணலாக்கிவிடும். கழுத்துப்பட்டையில் மாட்டுவதற்காகப் பார்கோட்டின் நடுவே துளையிட்டுக் கொண்டுவருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. துளை வேண்டுமாயின் உறையில் இடுங்கள். இரு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் வேறொருவர் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். பளபளப்பால் வெளிச்சம் எதிரொளித்து எண் மறையும். அட்டையைச் சற்றுச் சாய்த்து எடுத்தால் தெளிவாக வரும்.

அவசரகால மருத்துவக் குறிப்பட்டை ஒன்றைத் தாங்களே அச்சிட்டுக்கொள்ள விரும்பும் குடும்பத்தினர் அதில் என்ன எழுதலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பிளாஸ்டிக் நீண்ட நாள் இருக்கும். அதில் எழுதியவை அவ்வளவு நாள் மெய்யாக இரா. வயதை எழுதாமல் பிறந்த தேதியை எழுதுங்கள். 'வார்ஃபரின் உட்கொள்பவர்', 'இன்சுலின் செலுத்திக்கொள்பவர்' என்பன போதும். அளவை எழுத வேண்டாம், அது அடுத்த வருகையிலேயே மாறலாம். ஒவ்வாமை உள்ள மருந்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வெளி மாநிலத்தில் மயங்கி விழுந்தால் படிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். இரத்த வகையை எழுதுவதில் தவறில்லை. ஆயினும் இரத்தம் ஏற்றும் முன் மருத்துவமனை மீண்டும் பரிசோதித்தே தீரும், அட்டையை நம்பி ஏற்றாது. இதய முடுக்கி பொருத்தியவர்கள், கருவியுடன் தரப்பட்ட மூல அட்டையையே வைத்திருக்க வேண்டும். கருவியின் வகையும் வரிசை எண்ணும் அதில் உள்ளன, ஸ்கேன் எடுப்பவர் கேட்பது அவற்றைத்தான். கடைசியாக, அச்சிட்ட தேதியை ஒரு மூலையில் இடுங்கள்.

கடைகளில் ஆதார் அட்டையை இம்முறையில் அச்சிட்டுத் தருகிறார்கள். வெளிச்சந்தையில் அச்சிடப்படும் அத்தகைய அட்டைகளில் பாதுகாப்புக் கூறுகள் இல்லை என்று ஆதார் ஆணையம் 2022 சனவரியில் அறிவுறுத்தியது. ஆணையமே பிவிசி அட்டையைக் கட்டணம் பெற்று அஞ்சலில் அனுப்புகிறது. கடையின் கணினியில் உங்கள் கோப்பு தங்கிவிடும் என்பது எனது கூடுதல் கவலை. நோய்க் குறிப்புகளுக்கும் இது பொருந்தும். அச்சிட்டு முடித்ததும் கோப்பை உங்கள் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு கவனத்திற்குப் பிறகும் அட்டை ஓர் அடையாளம் மட்டுமே. நோயாளியை இனங்காணக் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், அறை எண் அவற்றுள் ஒன்றாகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. ஆகவே கையில் அட்டை இருக்கும்போதும் இரத்தம் எடுப்பவர் கேட்பார், ஊசி போடுபவர் கேட்பார், மருந்து தருபவரும் கேட்பார். "எத்தனை முறைதான் பெயர் சொல்வது?" என்று சலித்துக்கொள்ளும் முதியவர்களுக்கு உடன் இருப்பவர்கள் இதனை எடுத்துரைக்க வேண்டுகிறோம். எங்கள் பணியாளர் எவரேனும் "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்டால், காது மந்தமானவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் தலையசைத்துவிடுவார்கள். அப்போது தலையசைக்காமல் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்கள், அல்லது அவர்களுக்காக நீங்கள் சொல்லுங்கள்.

எண் மங்கிய, படம் கலங்கிய, துளை விழுந்த அட்டை உங்களிடம் இருந்தால், அடுத்த முறை வரும்போது மருத்துவரைப் பார்க்கச் செல்லும் முன்பே பதிவு முகப்பில் காட்டிப் புதியது பெற்றுக்கொள்ளுங்கள். புகைப்பட அடையாளச் சான்று ஒன்றும் பழைய மருந்துச்சீட்டு ஒன்றும் உடன் இருக்கட்டும். பழைய அட்டையை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் எங்களிடமே ஒப்படைத்துவிடுங்கள். பார்கோட்டின் குறுக்கே வெட்டி அழித்துவிடுவோம்.