செபமாலை: எண்ணப்படும் சொல், சொல்லப்படாத சொல்

1

கத்தோலிக்கச் சடங்குகளோடு தமிழில் சேர்ந்து வரும் வினைச்சொற்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பூசை 'பாக்கிறோம்'. நன்மை 'வாங்குறோம்'. பாவசங்கீர்த்தனம் 'பண்றோம்'. செபமாலையை மட்டும் 'சொல்றோம்'. பார்க்கவும் வாங்கவும் பாவத்தை அறிக்கையிடவும் எதிரே ஒரு குரு இருந்தாக வேண்டும். சொல்வதற்கு அவர் வேண்டாம். வாயும் விரலும் இருந்தால் போதும். இந்த ஒற்றை வினைச்சொல்லுக்குள் ஒரு வரலாறு ஒடுங்கிக் கிடக்கிறது. ஒரு அதிகாரப் பிரச்சினையும் கிடக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவகங்கைச் சீமையின் கத்தோலிக்க வரலாறு என்றால் இடங்களைச் சொல்வது நம் வழக்கம். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட ஓரியூர். பிரெஞ்சு சேசு சபைக் குரு ஒருவரின் முயற்சியில் 1894இல் எழுந்த இடைக்காட்டூர் கோதிக் ஆலயம். மதுரையிலிருந்து பிரிந்து 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டம். இவையெல்லாம் குருக்களின் வரலாறு. கல்லிலும் ஏட்டிலும் பதிந்திருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் விளக்கு வைத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுக்கப்பட்ட சொற்களுக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் இந்த மண்ணில் மதம் தங்கியதற்குக் காரணம் அந்த முணுமுணுப்புதான் என்று எனக்குப் படுகிறது.

2

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். 'ஐம்பத்துமூன்று மணி' என்பது இதன் இன்னொரு பெயர். சிலுவையைப் பிடித்து விசுவாசப் பிரமாணம். அடுத்த மணியில் ஒரு பரலோக மந்திரம். பிறகு விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் கேட்டு மூன்று அருள்நிறை மந்திரம். அங்கிருந்து வட்டத்துக்குள் நுழைகிறோம்: ஒரு பரலோகம், பத்து அருள்நிறை, ஒரு திரித்துவப் புகழ், இப்படி ஐந்து பத்து. மூன்றும் ஐம்பதுமாக ஐம்பத்துமூன்று. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் இயேசு, மரியாள் வாழ்விலிருந்து ஒரு 'தேவ ரகசியம்' அறிவிக்கப்படும். சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்று தொகுதிகள், தொகுதிக்கு ஐந்து. 2002இல் போப் இரண்டாம் ஜான் பால் 'ஒளி' என்று நாலாவது தொகுதியைச் சேர்த்து, அதற்கு வியாழக்கிழமையை ஒதுக்கினார். விரல் எண்ணுகிறது, வாய் ஒரே சொல்லைத் திரும்பச் சொல்கிறது, மனம் ஒரு காட்சியில் நிற்கிறது. மூன்றுக்கும் மூன்று வேலை.

மூன்று தொகுதிக்குப் பதினைந்து பத்து, ஆக 150. இந்த எண் சும்மா வந்ததல்ல. ஐரோப்பிய மடங்களில் படித்த துறவிகள் லத்தீனில் 150 சங்கீதங்களையும் ஓதினார்கள். எழுத்தறியாத சகோதரர்கள் அதற்கு ஈடாகப் பரலோக மந்திரத்தை 150 தடவை சொன்னார்கள். எண்ணிக்கைக்குக் கூழாங்கல், முடிச்சுக் கயிறு. பின்னால் பரலோக மந்திரத்தின் இடத்துக்கு மரியாளின் மந்திரம் வந்தது. மாதாவே புனித தோமினிக்குவின் கையில் கொடுத்தது என்பது ஐதீகம். ஆதாரங்களைப் பார்த்தால் பதினைந்தாம் நூற்றாண்டில்தான் இது உருத்திரள்கிறது. 1475இல் இறந்த ஆலன் தெ லா ரோஷ் என்ற தோமினிக்க சபைத் துறவி இதைப் பரப்பினார். 1569இல் ஐந்தாம் பயஸ் முறைப்படுத்தினார். ஆக, செபமாலை என்பது எழுத்தறியாதவர்களின் சங்கீதப் புத்தகம். பிறப்பிலேயே அது புத்தகத்துக்கு வெளியே நிற்கிறது.

மணி எண்ணுவது நமக்கு அந்நியமும் அல்ல. காரைக்குடியில் நகரத்தார் ஆண்கள் அறுபதாம் கல்யாணத்தில் அணியும் கௌரிசங்கம் உருத்திராட்ச மாலை. பள்ளிவாசல் திண்ணையில் உருள்வது தஸ்பீஹ் மணி. ஒரே பஸ்ஸில் மூன்று மாலையும் பயணம் செய்யும். ஆனால் அக்டோபரில் கொண்டாடப்படும் செபமாலைத் திருநாள், 1571 அக்டோபர் 7 அன்று லெபாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்றதன் நினைவாக வந்தது. கருவி பொதுவானது, அதன்மேல் ஏற்றப்பட்ட கதையாடல் பொதுவானதல்ல.

3

தமிழில் இது எப்போது வாய்க்கு வந்தது? 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் மந்திரங்களைத் தமிழாக்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்ய வைத்தார். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ் ஞானோபதேச நூல் அச்சானது. 1578இல் கொல்லத்தில் அன்றீக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்தது. தமிழில் அச்சு என்பது செபம் சொல்லிக் கொடுப்பதற்காக வந்த ஒன்று. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மறவர் சீமைக்குள் நிலைமை வேறு. குருக்கள் அங்கே நிலையாக இருக்க முடியவில்லை. 1686இல் அருளானந்தரே பிடிபட்டுச் சித்திரவதைக்குப் பிறகு வெளியேற்றப்பட்டார். திரும்பி வந்ததன் விலைதான் ஓரியூர். 1773இல் போப் பதினான்காம் கிளமெண்ட் சேசு சபையையே கலைத்தார். புதிய மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு சேசு சபையினர் வந்து இறங்கியது 1837இல். இடையில் அறுபது வருஷத்துக்கு மேல். கிராமங்களுக்குக் குரு என்பவர் அபூர்வமாகக் கிடைத்த காலம் அது. பூசைக்குக் குரு வேண்டும். பாவமன்னிப்புக்கும் குரு வேண்டும். மிஞ்சியது எது? உபதேசியார், ஞானஸ்நானம், செபமாலை. குரு வந்த பிறகும், அவர் முதுகைக் காட்டி லத்தீனில் பூசை செய்ய, கீழே சனங்கள் தமிழில் மணி உருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்பு வரை இதுதான் நடைமுறை.

இங்கே அல்தூசரைக் கூப்பிடுவது நம் பழக்கம். பாஸ்கலை எடுத்துக்கொண்டு அவர் சொன்னது: விசுவாசம் மண்டியிடுதலுக்கு முன்னால் வருவதில்லை, மண்டியிட்டு உதட்டை அசைப்பதிலிருந்தே அது பிறக்கிறது. சரி. ஆனால் யாருடைய கண் முன்னால் மண்டியிடுகிறோம் என்பதும் முக்கியமில்லையா? ஃபூக்கோ காட்டியபடி பாவசங்கீர்த்தனம் என்பது, உன்னைப் பற்றிய உண்மையை நீயே சொல் என்று வற்புறுத்தும் அதிகாரம். செபமாலையில் என்னைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்வதில்லை. கேட்டுத் தீர்ப்பளிக்க ஆள் இல்லை. என் குரல் ஊர்க் குரலில் கரைகிறது. கண்காணிப்புக்கு வெளியே கிடைக்கும் இந்த இருபது நிமிஷத்தை 'மூடபக்தி' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

4

அதற்காக இதை விடுதலையின் வடிவம் என்று கொண்டாடவும் முடியாது. அருள்நிறை மந்திரம் இரண்டு பாதி. முதல் பாதி வாழ்த்து, லூக்கா முதல் அதிகாரத்தில் வானதூதரும் எலிசபெத்தும் சொன்னது. இரண்டாம் பாதி மன்றாட்டு. 1568இல்தான் அது இப்போதைய வடிவில் உறுதியானது. கூட்டத்தில் ஒருவர் முதல் பாதியைத் தொடங்க, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். 'இன்னிக்கு யாரு ஆரம்பிக்கிறது?' என்று கேட்பார்கள். சாதாரணக் கேள்வி மாதிரித் தெரியும். வீட்டில் ஆத்தா தொடங்குவாள். கோயிலுக்குள் நுழைந்ததும் அந்தப் பாதி உபதேசியாருக்குப் போய்விடும்; அவர் நெடுங்காலம் ஆண், பெரும்பாலும் ஆதிக்கச் சாதி. மற்றவர்களுக்கு 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற பாதி.

சாதியின் கதையை எறையூர் சொல்லும். அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அந்த ஊரின் பங்கே செபமாலை அன்னையின் பெயரில் இருப்பது. தலித் கிறிஸ்தவர்களின் பிணம் பொதுத் தெரு வழியாகப் போகக்கூடாது. அவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல், துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. இரு தரப்பு வீட்டிலும் ஒரே ஐம்பத்துமூன்று மணி. வட்டமாக இருப்பதாலேயே மாலை சமத்துவமாகிவிடாது. பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது கத்தோலிக்கப் பக்தியின் உள்ளேயிருக்கும் இந்தச் சுவர் தமிழில் வெளிச்சத்துக்கு வந்தது.

பெண்களின் கதை இன்னும் நுட்பமானது. சந்தோஷ தேவ ரகசியங்களில் இரண்டாவது, மரியாள் எலிசபெத்தைச் சந்திக்கப் போனது. எலிசபெத் சொன்ன வாழ்த்து மணிக்குள் இருக்கிறது. அதற்குப் பதிலாக மரியாள் பாடியது (லூக்கா 1:46–55) மணிக்குள் இல்லை. வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவார்கள், பசித்தவர் நிறைவார்கள், செல்வர் வெறுங்கையோடு போவார்கள் என்பதுதான் அவள் பேச்சின் சாரம். ஐம்பத்துமூன்று தடவை அவளைப் பற்றி மற்றவர்கள் சொன்னதைச் சொல்கிறோம்; அவள் வாயிலிருந்து வந்ததை ஒரு தடவையும் சொல்வதில்லை. குருக்களின் மாலைச் செபத்தில் அந்தப் பாட்டு தினமும் உண்டு. சனங்களின் மாலையில் இல்லை. எழுத்தறிந்தவர்களுக்கு அவளுடைய பேச்சு, அறியாதவர்களுக்கு அவளுடைய புகழ் என்ற இந்தப் பங்கீடு தற்செயலா?

5

சங்கத்துக்குப் பிறகு சொற்கள் மாறின. 'பிரியதத்தம்' 'அருள்நிறை' ஆயிற்று. 'தேவ ரகசியம்' 'மறை உண்மை'. 'இஸ்பிரீத்து சாந்து' என்ற போர்த்துக்கீசியம் 'பரிசுத்த ஆவி' வழியாகத் 'தூய ஆவி'. தனித்தமிழின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. புரியாத சொல்லைப் புரிய வைப்பது சனநாயகம்தான். ஆனால் பழைய சொல்லை மனப்பாடமாக வைத்திருந்த கிழவிகள் திடீரென்று கோயிலில் தடுமாறுகிறவர்கள் ஆனார்கள். 'இப்ப அப்படிச் சொல்லக்கூடாதாம்' என்று அவர்கள் முதல் பாதியிலிருந்து ஒதுங்கினார்கள். சொல் நம் பக்கம் வந்தபோதும் சொல்லும் உரிமை புத்தகம் வைத்திருப்பவர் பக்கம் போயிற்று.

இன்றைக்குத் தொலைக்காட்சியும் செல்போனும் செபமாலை சொல்கின்றன. முதல் பாதி எங்கிருந்தோ வருகிறது, வீடு இரண்டாம் பாதியை முணுமுணுக்கிறது. சோர்ந்திருக்கும் வீட்டுக்கு அது துணைதான். ஆனால் குரு இல்லாத காலத்தில் ஒரு சீமையின் விசுவாசத்தைக் காப்பாற்றியது கேட்டல் அல்ல, தொடங்குதல். மாலையைச் சீர்திருத்த நினைப்பவர்கள் சொற்களை மாற்றுவதற்கு முன், அன்பியக் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து 'நீங்க ஆரம்பிங்க' என்று சொல்லிப் பார்க்கலாம். இரண்டாம் சந்தோஷ ரகசியம் வரும்போது, மரியாளின் பாட்டையும் அவளே சொல்லட்டும்.