பேச்சைப் பிடித்து வைப்பது எப்படி?

ஆனி மாதப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகள் இறைக்கப்படும். திருவிழாக் காலங்களில் வெளியூர்ப் பேச்சாளர்கள் வந்து சொற்பொழிவு ஆற்றுவதும் நம் டெல்டாப் பகுதியின் நெடுநாள் வழக்கம். இரவில் பேசுவார்கள், விடிந்ததும் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். மாங்கனி அடுத்த ஆண்டும் கிடைக்கும். அந்தப் பேச்சு மீண்டும் கிடைக்குமா?

1906இல் காங்கேயநல்லூரில் பிறந்த திருமுருக கிருபானந்த வாரியார், 1993இல் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று பேசியவர். அவர் மறைந்த பின் பிறந்த நீங்களும் அவருடைய குரலைக் கேட்க முடிகிறது. அன்று அதை ஒலிநாடாவில் பிடித்து வைத்தவர்களே அதற்குக் காரணம்.

நான் மாணவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு முதியவர் ஒருவர் பேச வந்தார். பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1954ஆம் ஆண்டில் காரைக்காலில் தாம் கண்டவற்றை இரண்டு மணி நேரம் விவரித்தார். கடன் வாங்கிய டேப் ரிக்கார்டரை மண்டபத்தின் கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே வைத்துப் பதிவு செய்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் விசிறியின் இரைச்சலும் யாரோ இருமுவதும் தெளிவாகக் கேட்டன. பேச்சு மட்டும் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் அம்முதியவர் காலமானார். கருவியில் குறை இல்லை. அதை வைத்த இடம்தான் தவறு. ஏன் என்பதை இயற்பியல் கொண்டு பார்ப்போம்.

தொலைவு செய்யும் வேலை

ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டும். ஆகவே ஒலிச்செறிவு நான்கில் ஒன்றாகும். இதுவே எதிர்த்தகவு இருமடி விதி.

பேச்சாளரின் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு மைக், 20 மீட்டரில் மற்றொன்று என்று கொள்வோம். தொலைவு 100 மடங்கு. எனவே செறிவு 10,000இல் ஒரு பங்காகக் குறையும். டெசிபல் கணக்கில் 40 டெசிபல் இறக்கம். சாதாரணப் பேச்சு 1 மீட்டர் தொலைவில் சுமார் 60 டெசிபல். ஆகவே அருகிலுள்ள மைக்கை வந்தடைவது சுமார் 74 டெசிபல். தொலைவிலுள்ளதை வந்தடைவது 34 மட்டுமே. மண்டபத்தில் விசிறியும் கூட்டமும் சேர்ந்து 50 டெசிபல் இரைச்சல் எழுப்புவதாகக் கொண்டால், பின்வரிசை மைக்கில் பேச்சு இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். பிறகு ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

மண்டபத்தில் சுவர்களும் தகரக் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் எண்கள் சற்று மாறலாம். ஆனால் அந்த எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சொற்களைக் குழப்புகின்றன. எனவே முதல் விதி இதுதான்: விலை உயர்ந்த மைக்கைத் தொலைவில் வைப்பதைவிட மலிவான மைக்கை அருகில் வைப்பது மேல்.

எந்த மைக்?

சட்டையில் செருகும் சிறு மைக் பேச்சாளரோடு சேர்ந்தே நகரும். கையை வீசி, மேடையில் உலவிப் பேசுபவருக்கு இதுவே ஏற்றது. நெஞ்சில், வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் செருக வேண்டும். மேல்துண்டு உரசினால் அந்த ஓசையும் பதிவாகும் என்பதை மறவாதீர்கள்.

மேடையில் நிறுத்தும் மைக்குகளில் ‘டைனமிக்’ வகை எளியது. மெல்லிய சவ்வுடன் இணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைய, மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பாடநூலில் படித்த பாரடே விதியேதான்! இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. கடலோர ஈரத்தையும் தாங்கும். ‘கண்டென்சர்’ வகை நுண்ணிய ஒலிகளையும் பிடிக்கும். ஆனால் இவ்வகை மேடை மைக்குகளில் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் அளிக்க வேண்டும்.

காற்றையும் கவனிக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் மேடை அமைத்தால், காற்று நேராகச் சவ்வைத் தள்ளி ‘புஸ், புஸ்’ என்ற ஓசையை உண்டாக்கும். மைக்கின் மேல் ஸ்பாஞ்ச் உறை போட்டால் காற்றின் வேகம் அதிலேயே பெரிதும் தணியும். ஒலி அலை மட்டும் ஊடுருவிச் செல்லும்.

மைக் செட்காரர் நம் நண்பர்

கூட்டத்தில் ஏற்கெனவே மைக் செட் இருக்குமே, அதைப் பயன்படுத்தலாமா? தாராளமாக! ஆனால் குழாய் ஒலிபெருக்கியின் முன்னால் உங்கள் கருவியை வைக்காதீர்கள். தாழ்ந்த அதிர்வெண்களை அது சரியாக வெளியிடுவதில்லை. குரலின் கனம் போய்விடும். மைக் செட்காரரிடம் கேட்டு, அவருடைய மிக்ஸரிலிருந்து நேராக ஓர் இணைப்பைப் பெறுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். மிக்ஸரிலிருந்து வருவது ஏறத்தாழ ஒரு வோல்ட். இதை மைக்குக்கான துளையில் செருகினால் ஒலி சிதைந்துவிடும். ‘லைன்’ என்று குறித்த துளையில்தான் செருக வேண்டும்.

பதிவின் அளவை முன்கூட்டியே சரிபாருங்கள். 16 பிட் பதிவில் மிகப் பெரிய எண் 32,767. பேச்சாளர் உரக்கச் சிரிக்கும்போது அலை இந்த எல்லையைத் தாண்டினால், அதன் உச்சி வெட்டுப்பட்டுவிடும். வெட்டுண்டதை மீட்பது அரிது. ஆகவே உச்ச ஒலிகள் எல்லைக்குச் சுமார் 12 டெசிபல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

படமும் ஒலியும் சேர வேண்டுமே!

30 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 20 மீட்டர் தொலைவிலுள்ள காமிராவை ஒலி அடைய 57 மில்லிநொடி ஆகும். ஒளிக்கோ நேரமே ஆவதில்லை எனலாம். நொடிக்கு 25 படங்கள் எடுத்தால் ஒரு படத்துக்கு 40 மில்லிநொடி. எனவே காமிராவிலேயே பதிவாகும் ஒலி, உதட்டசைவுக்கு ஒன்றரைப் படம் பின்தங்கும். அருகிலுள்ள மைக்கில் இந்தத் தொல்லையும் இல்லை.

எளிய ஏற்பாடு ஒன்று சொல்கிறேன். ஒரு கைப்பேசியைச் சட்டை மைக்குடன் பேச்சாளரின் பையில் வையுங்கள். இன்னொன்றை முக்காலியில் பொருத்திப் படம் எடுங்கள். தொடக்கத்தில் காமிரா பார்க்க ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பின்னர் கணினியில், கைகள் சேரும் படத்தையும் ‘பட்’ என்ற ஒலியையும் பொருத்தினால் போதும். முடிவிலும் ஒரு கைதட்டல் தேவை. ஏனெனில் இரு கருவிகளின் கடிகாரப் படிகங்களும் துல்லியமாக ஒத்தவை அல்ல. பத்து இலட்சத்தில் 20 பங்கு வேறுபாடு என்றாலும், இரண்டு மணி நேரத்தில், அதாவது 7,200 நொடியில், 0.144 நொடி விலகல் வந்துவிடும். மூன்றரைப் படத்துக்கும் மேல்!

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. காமிராவின் ஷட்டர் நேரத்தை 1/50 நொடியாக வைத்தால் ஒவ்வொரு படத்திலும் சரியாக இரு மினுக்கங்கள் அடங்கும், படம் துடிக்காது. குளிரூட்டிய அறையிலிருந்து காமிராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் லென்சில் நீர் படியும். அரை மணி முன்னதாகவே பையோடு வெளியே எடுத்து வையுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும்? நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட் என்றால், இரண்டு மணி நேரப் பேச்சுக்குச் சுமார் 0.7 ஜிகாபைட். நொடிக்கு 2.5 மெகாபைட் வீதம் பதிவாகும் வீடியோவுக்கு 18 ஜிகாபைட். படத்தைவிடப் பேச்சுக்கு எவ்வளவு குறைந்த இடம் போதும், பாருங்கள்!

எதை முதலில் வாங்குவது?

கையில் பணம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் மைக், அடுத்து காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன், பிறகு உறுதியான முக்காலி, கடைசியாகக் காமிரா. படம் மங்கினாலும் பேச்சு பயன்படும். பேச்சு மங்கினால் படம் மட்டும் என்ன சொல்லும்? புறப்படும் முன் மின்கலத்தை நிரப்புங்கள். கைப்பேசியில் அழைப்புகளை நிறுத்துங்கள். பேச்சாளரிடம் அனுமதி கேளுங்கள். பதிவை அன்றிரவே இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

செய்து பாருங்கள்

விசிறியைச் சுழலவிட்டு, ஒரே கைப்பேசியை 20 சென்டிமீட்டர், 1 மீட்டர், 4 மீட்டர் தொலைவுகளில் வைத்து, ஒரே பத்தியை ஒரே குரலில் படித்துப் பதிவு செய்யுங்கள். மூன்றையும் ஹெட்போனில் கேட்டால் மேற்சொன்ன விதி உங்கள் காதுக்கே புரியும்.

புரிந்தபின் தாமதிக்காதீர்கள். 1954இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கக்கூடும். விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு சாண் தொலைவில் மைக்கை வைத்து, அவர்களைப் பேசச் சொல்லுங்கள். நான் தவறவிட்டதை நீங்கள் பிடித்து வைக்கலாம்.