சுழலிசை மிதிகருவி

ஒருவரே பலராய் நின்று இசைத்தல் கூடுமோ எனின், கூடும் என்பேம். அதற்குத் துணையாவது 'லூப்பர்' என்னும் மிதிகருவி. ஒருமுறை மிதித்தால் வாசிப்பைப் பதிந்துகொள்ளும். மறுமுறை மிதித்தால் அதனையே இடையறாது திரும்ப ஒலிக்கும். அதன்மேல் வேறு ஒலிகளை அடுக்கலாம்.

விலை குறைந்த 'டிட்டோ' ஒரே மிதிபொத்தானும் ஐந்து நிமிடப் பதிவும் உடையது. அடுக்கிய ஒலிகளெல்லாம் அதில் ஒன்றாய்க் கலந்துவிடும். இறுதியிற் சேர்த்ததையன்றி முன்னதைத் தனியே நீக்கல் இயலாது. 2021-இல் வெளிவந்த விலைமிக்க 'பாஸ் ஆர்சி-600' ஆறு தனித்தடங்களை உடையது. ஒன்றை நிறுத்திப் பிறவற்றை இயக்கலாம். பகுதிதோறும் நடை வேறுபடும் பாட்டுக்கு இது பெரிதும் ஏற்றது.

எனினும், எளிய கருவியில் மிதிக்குங்கால் தாளந்தவறின், அப்பிழையும் சுற்றுதோறும் ஒலிக்கும். ஆதலின் முதலடுக்கை இடுமுன்னரே முழுப்பாட்டையும் சிந்தித்தல் வேண்டும். இக்கட்டுப்பாடே நல்லாசானன்றோ? 2004-இல் ஸ்காட்லாந்துப் பாடகி கே. டி. டன்ஸ்டால், பிரித்தானியத் தொலைக்காட்சியில் கிதாரும் ஒரு சிறு மிதிகருவியுங் கொண்டு, தாளத்தையும் பின்குரலையும் அடுக்கித் தனியே பாடிப் புகழெய்தினார்.

பொருள்வளம் தடங்களைப் பெருக்கும். செவிநுட்பத்தையும் தாளவுறுதியையும் பயிற்சியே தரும். ஆதலின், வாங்கவியலாததை எண்ணி இசையைக் கைவிடற்க என்று உடன்மாணாக்கர்க்கு யாம் கூறுவேம்.