மாடியில் சோலார் போட்டால் யாருக்கு லாபம்? ஆவடி கரன்ட் பில் முதல் ஓடந்துறை காற்றாலை வரை!

ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி பக்கம் வடாமும் துணியும் காய்ந்துகொண்டிருந்த மொட்டை மாடிகளில் இப்போது நீல நிற சோலார் பேனல்கள் முளைக்கத் தொடங்கியிருக்கின்றன. 'போட்டுட்டா கரன்ட் பில்லே வராதாமே?' என்பதுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி. சில வீடுகளுக்கு அது உண்மை. சில வீடுகள் போட்ட பணத்தை எடுக்கவே பத்து வருடம் வரை காத்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கோ இதில் இப்போதைக்கு இடமே இல்லை.

முதலில் பில்லை எடுங்கள்

சோலார் விற்க வருபவர்கள் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது கரன்ட் பில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். அதற்குப் பிறகு ஏற ஏற யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போகும் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டிய வீடுகளுக்கு, கீழ் அடுக்கில் கிடைத்துக்கொண்டிருந்த குறைந்த விலையும் கைவிட்டுப் போகும்.

சென்னை வெயிலில் 1 கிலோவாட் சோலார், மழை நாள்களையும் சேர்த்து சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதங்களில் சுமார் 720 யூனிட். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. தண்ணீர் டேங்க், பக்கத்து வீட்டு மூன்றாவது மாடி, தென்னை மரம் என எதன் நிழல் விழுந்தாலும் உற்பத்தி குறையும்.

இப்போது இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் இரண்டு ஏசி, ஒரு கீஸர், கீழும் மேலுமாக இரண்டு தலைமுறைகள். கோடையில் 900 யூனிட் ஓடுகிறது. பில் ஆறாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். 3 கிலோவாட் சோலார் 720 யூனிட்டைக் கழித்துவிட்டால், கட்ட வேண்டியது மீதி 180 யூனிட்டுக்குத்தான். அதிலும் 100 இலவசம். பில் 200 ரூபாய்க்குள் அடங்கிவிடும். வருடம் முழுக்க இப்படியே ஓடினால் முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். மானியம் போக வீட்டுக்காரர் போடும் பணம் நான்கைந்து ஆண்டுகளில் திரும்பிவிடும். பேனல்களுக்கு 25 ஆண்டு வரை உத்தரவாதம் தருகிறார்கள்.

இரண்டாவது வீட்டில் மின்விசிறி, ஃபிரிட்ஜ், டிவி. 300 யூனிட். பில் சுமார் 700 ரூபாய்தான். 1 கிலோவாட் போட்டால் பில் இல்லாமலே போய்விடும். ஆனால், மொத்தமே வருடத்துக்கு நான்காயிரம் ரூபாய் சொச்சம்தானே மிச்சமாகும்? போட்ட பணம் வர எட்டு, பத்து ஆண்டுகள் ஆகலாம். நகையை அடகு வைத்துப் போட வேண்டிய அவசரம் இந்த வீட்டுக்கு இல்லை.

அதாவது, அதிகம் செலவழிக்கும் வீட்டுக்குத்தான் சோலார் அதிகம் மிச்சப்படுத்தித் தருகிறது. ஏழை வீட்டுக்கு ஏற்கெனவே அரசின் 100 யூனிட்தான் பெரிய சோலார்!

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தை வைத்துத்தான் பொருத்த வேண்டும். இந்தியாவில் தயாரான பேனல்களுக்கு மட்டுமே மானியம். பொருத்திய பிறகு மின்வாரியம் இருவழி மீட்டர் வைக்கும். பகலில் வீடு பயன்படுத்தாத மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும், இரவில் அங்கிருந்து வரும். கழித்துப் பார்த்து பில் போடுவார்கள்.

பலர் தெரியாமல் ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு. பேட்டரி இல்லாத சோலார், தெருவில் கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மீது வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல கரன்ட் இல்லாத நாள்களில், பேட்டரி இல்லாத சோலார் வீட்டிலும் மெழுகுவத்திதான்.

அபார்ட்மென்ட்டில் யாருடைய மாடி?

மேற்குப் புறநகரில் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் வேகத்தைப் பார்த்தால், இனி முக்கியமான கேள்வி இதுதான். மொட்டை மாடி பன்னிரண்டு குடும்பங்களுக்கும் பொது. ஒருவர் மட்டும் பேனல் போட்டால் சங்கக் கூட்டத்தில் சண்டை நிச்சயம்.

ஆனால் லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. பத்து வீடுகளுக்கு மேற்பட்ட, லிஃப்ட் உள்ள குடியிருப்புகளுக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல். அதனால் சோலார் தரும் முதல் யூனிட்டிலிருந்தே முழு விலையும் மிச்சம். குடியிருப்போர் சங்கம் பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய மானியமும் உண்டு. தண்ணீர் மோட்டாரை அதிகாலைக்குப் பதில் நண்பகலில் ஓடவிட்டால் கணக்கு இன்னும் சாதகமாகும். இந்த லாபம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் தெரியும் என்பதால், அங்கே வாடகைக்கு இருப்பவருக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்.

தன் வீட்டு பில்லைக் குறைக்க வாடகைதாரருக்கு வழி உண்டா? டெல்லியில் 2019-லேயே ஒரு விதி கொண்டுவந்தார்கள். வேறெங்கோ உள்ள பொதுவான சோலார் நிலையத்தில் பல வீடுகள் பங்கு சேர்ந்து, அந்த மின்சாரத்தை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். சொந்தக் கூரை தேவையில்லை.

ஓர் ஊரே சேர்ந்து வாங்கிய காற்றாலை

'பங்கு சேர்வது' தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின் கட்டணம் கட்டியே கஜானா காலியாகிக்கொண்டிருந்த ஊர். ஆர்.சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், மோட்டார் ஓட்ட மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறிய கருவியை முதலில் நிறுவிப் பார்த்தார்கள். அடுத்து 2006-ல் 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினார்கள். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன்.

இதில் கவனிக்க வேண்டியது, காற்றாலை ஓடந்துறையில் இல்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் இருக்கிறது. அங்கே உற்பத்தியாகி மின்வாரியக் கம்பிக்குப் போகும் யூனிட்டுகள் ஊராட்சியின் கணக்கில் கழிகின்றன. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வருமானத்திலேயே வங்கிக் கடனை அடைத்தார்கள். கடன் முடிந்த பிறகு ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் ரூபாய் ஊருக்கு மிஞ்சியதாகக் கணக்கு. உலக வங்கிக் குழுவினர் வந்து பார்த்துவிட்டுப் போன ஊர் அது.

நிலம் கொடுத்தவர்கள்

காற்றாலைகளும் சோலார் பூங்காக்களும் நிற்கும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, ராதாபுரம் பகுதிகளில் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆடிக் காற்றில் அவை தரும் மின்சாரம் அம்பத்தூர் வரை வருகிறது. 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, காற்று வீசும் மாதங்களில் மட்டும் கொஞ்சம் மூச்சுவிட முடிந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. அந்த ஆண்டில் உலகின் மிகப் பெரிய சோலார் நிலையங்களில் அதுவும் ஒன்று.

இங்கே பெரும்பாலும் நிறுவனங்கள் நிலத்தை விலைக்கு வாங்கிவிடுகின்றன. மானாவாரி நிலத்துக்கு ஒருமுறை கிடைக்கும் தொகையோடு விவசாயிக்கும் அந்த நிலத்துக்கும் உறவு முடிந்துவிடும். குத்தகைக்கு விட்டால் ஆண்டுதோறும் பணம் வரும், நிலமும் கையில் இருக்கும். 2019-ல் வந்த பிரதமரின் குசும் திட்டம் இதற்கு ஒரு வாசலைத் திறந்தது. துணை மின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் தரிசு நிலம் வைத்திருப்பவர் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை தானே சோலார் நிலையம் அமைக்கலாம், அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போனது. 2009 முதல் பத்தாண்டுகளுக்கு மேல், புதிய காற்றாலை நிறுவுபவர்கள் குறைந்தது 20 சதவிகிதப் பங்கை உள்ளூர்க்காரர்களுக்கு விலைக்கு வழங்கியே ஆக வேண்டும் என்று சட்டமே வைத்திருந்தது.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சி. மூன்று இடங்களிலும் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் மக்களின் வரிப் பணத்தில்தான் எரிகின்றன, ஓடுகின்றன. ஒரு சிறிய ஊராட்சி இருபது ஆண்டுகளுக்கு முன்பு செய்ததை இங்கே செய்வதற்கு ஆடிக் காற்றுகூடத் தேவையில்லை. பள்ளிக் கட்டடங்கள், சமூகக் கூடங்கள், வார்டு அலுவலகங்கள் என மொட்டை மாடிகள் இருக்கின்றன. அடுத்த முறை கவுன்சிலர் ஓட்டு கேட்டு வரும்போது, அந்த மாடிகளில் என்ன காய்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.